பதினோராம் தகவலாளி

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். இந்த நாற்காலியில உக்காருங்க, இதுக்குத்தான் ஃபேன் காத்து வரும். மலர்க் குழுவுல இருந்து ஒருத்தர் வாராருன்னு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஆவுடை, ரெண்டு காபி. எனக்குச் சீனி கம்மி.

பணி நிறைவு மலர்னா நாலு போட்டோவும் ரெண்டு வாழ்த்துமா இருக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க. 'பேராசிரியர் காந்திமதிநாதன் உருவாக்கிய முனைவர்கள்'னு ஒரு பகுதி வச்சிருக்கியளே, அதுதான் மலருக்கே உயிரு. யோசனை யாரோடதுன்னு கேக்காதிய, நான் சொன்னதுதான். முப்பத்தோரு வருஷ சர்வீசு, பதினாலு முனைவர். பதிமூணு பேரு கட்டுரை குடுத்தாச்சு. அவங்களுக்கு எங்க நேரம் இருக்கு, அதனால அதுல ஒம்பது கட்டுரையை நானே எழுதி, பேரை மட்டும் அவங்க பேரா போட்டுக்கிட்டேன். எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க.

பதினாலாவது ஆளுதான் குடுக்கல. அதைத்தான் நீங்க கேக்க வந்திருக்கிய, தெரியும். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கா. வாட்சப்புல நீலக் கோடு விழுது, பதில் இல்ல. பணி நிறைவு விழாவுக்கே வரல. எனக்கு வருத்தம் தம்பி, மறைக்கல. கழுத்துல மாலையோட மேடையில உக்காந்துக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். துணைவேந்தர் பேசுனது ஒண்ணும் காதுல விழல.

பதிவு பண்ணுதியளா? பண்ணுங்க. நான் வேண்டாம்னு சொல்லுற இடத்துல மட்டும் அமத்திருங்க.

அவ பேரு சுடலைவடிவு. முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுத்துறவங்க, அப்பா இல்ல. நம்ம சமூகவியல் துறையில முதுகலை முடிச்சுட்டு, முதல் நாள் என் அறைக்கு வந்து நிக்கா. "ஐயா, பீடி சுத்துற வீடுகள்ல பொம்பளைங்க செய்யுற கூலியில்லாத வேலையைப் பத்தி ஆய்வு செய்யணும்"ங்கா. அது என்னம்மா கூலியில்லாத வேலைன்னு கேட்டேன். தண்ணி எடுக்கிறது, சோறு பொங்குறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புறதுன்னு அடுக்குதா. அதெல்லாம் வேலையா தம்பி? அதுக்குப் பேரு குடும்பம். ஆனா நான் தடுக்கல. மாணவருடைய சுதந்திரத்துல கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

தலைப்பை மட்டும் மாத்தச் சொன்னேன். மாத்திட்டு வந்தா. அதையும் மாத்தச் சொன்னேன். மூணாவதா ஒண்ணு கொண்டு வந்தா, கச்சிதமா இருந்துச்சு. "இதை முதல்லயே கொண்டு வந்திருந்தா ஆறு மாசம் மிச்சமாயிருக்கும்லா"ன்னேன். "முதல்ல கொண்டு வந்தது இதுதான் ஐயா"ங்கா. பாத்தியளா, அப்பவே ஒரு எடக்கு. நான் பெருசா எடுத்துக்கிடல.

அவ ஆய்வு முறை என்னன்னா, பத்து வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஆளுக்கு ஒரு நோட்டு. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் எத்தனை மணிக்கு என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதணும். எழுதத் தெரியாதவங்களுக்கு இவளே போய் உக்காந்து கேட்டு எழுதுவா. இந்தப் பத்துப் பேரும் தகவலாளி ஒண்ணு, தகவலாளி ரெண்டுன்னு போகும். பேரு போட மாட்டோம், அது ஆய்வு ஒழுக்கம். நான் பாத்துட்டு ஒரே ஒரு யோசனை சொன்னேன். "பீடி வீட்டையே எழுதுனாப் போதுமா, ஒப்பிட்டுப் பாக்கப் படிச்சவங்க மத்தியில இருந்தும் ஒரு ஆளைப் பதினொண்ணாவதாச் சேரு. யாருன்னு நீயே பாத்துக்கோ"ன்னேன். அந்த ஆய்வுக்குத் திருப்பமே அங்கதான். இதைக் கண்டிப்பா மலர்ல போடுங்க.

அப்புறம் பயிற்சி. ஆய்வாளர்னா நூலகத்துல உக்காந்து தூசி தட்டுறது மட்டும் இல்ல தம்பி. சமூகத்துல பழகணும். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை எதாவது ஒரு ஆபீசுக்கு அனுப்புவேன். கரண்ட் ஆபீசு, தாலுகா ஆபீசு, கேஸ் ஆபீசு. வரிசையில நின்னாத்தானே சமூகம் தெரியும்? என் சின்ன மக கல்யாணத்துக்கு அறுநூறு பத்திரிகை, அத்தனை உறையிலயும் இவதான் விலாசம் எழுதுனா. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தரவுகளைப் பிழையில்லாமக் கையாளுறதுக்கு அதை விட என்ன பயிற்சி வேணும்? கல்லூரிகளுக்குத் தரம் போடுற நாக் குழு வந்தப்ப துறைக்கு முப்பத்திரண்டு ஃபைலு இவ ஒருத்தியே தயார் பண்ணா. மூத்த மக வழிப் பேரன் பள்ளிக்கூடத்துக்குத் தெர்மாகோல்ல எரிமலை செய்யணும்னான். செஞ்சு, அதுக்குள்ள இருந்து சிவப்பா நுரை வர வச்சா. முதல் பரிசு. அவன் கூட இன்னும் "வடிவக்கா எப்ப வருவாங்க"ன்னு கேக்கான்.

காலையில ஆறரைக்கு இங்க இருப்பா. நேரே அடுக்களைக்குத்தான் போவா. என் வீட்டுக்காரி ஆவுடை ரெண்டு தோசையை வச்சுக் குடுப்பா. ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிடுவாங்க. நான் காது குடுக்கிறதில்ல, அடுக்களைப் பேச்சு நமக்கு எதுக்கு. ஆவுடை, காபி என்னாச்சு?

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். ஆறு வருஷம்தான் பதிவுக் காலம், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. போன வருஷம் ஜூன் முப்பது சாயங்காலம் அஞ்சு மணியோட அவ பதிவு முடியுது. அதுக்குள்ள ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலன்னா ஆறு வருஷமும் தண்ணியில போட்டது மாதிரி. இதுல இன்னொண்ணு. தூத்துக்குடியில ஒரு பெண்கள் கல்லூரியில இவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்துட்டாங்க. ஆனா அதே ஜூன் முப்பதுக்குள்ள தேதி போட்ட சமர்ப்பிப்பு ரசீதைக் கொண்டு வந்து காட்டணும், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். ஏப்ரல் மாசமே வந்து சொன்னா. "ஐயா, முழுசா எழுதி முடிச்சிட்டேன். நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டா மே மாசமே சமர்ப்பிச்சிரலாம்"னா.

எனக்கு அப்ப என் இன்னொரு புத்தகத்துக்கு மெய்ப்பு வந்திருந்துச்சு. நானூறு பக்கம். "இதைப் பாத்துக் குடுத்துரும்மா, உன்னோடதை நான் பாத்துருதேன்"னேன். நியாயம்தானே? பாத்துக் குடுத்தா, மே மாசம் முழுக்க. பின்னால சொல்லடைவும் போட்டுக் குடுத்தா. ஜூன் பத்துக்கு நான் அவ ஆய்வேட்டைக் கையில எடுத்தேன்.

நான் ஆய்வேட்டைப் படிக்கிற விதமே தனி. பின்னால இருந்துதான் தொடங்குவேன். துணைநூல் பட்டியல். அதுல என் புத்தகமும் கட்டுரையும் எத்தனை இடத்துல வருதுன்னு பாப்பேன். சுயபெருமைக்கு இல்ல. வழிகாட்டியோட சிந்தனையை ஆய்வாளர் உள்வாங்கியிருக்காரான்னு வேற எப்பிடிக் கண்டுபிடிக்கது? எண்ணிப் பாத்தா ஏழு. எனக்கு மனசு விட்டுப் போச்சு. "என்னம்மா, ஆறு வருஷம் என் கூட இருந்திருக்க, ஏழு இடத்துலதான் நான் வாரேனா"ன்னேன். "நீங்க நிறைய இடத்துல வாரீங்க ஐயா"ன்னா. "பட்டியல்ல இல்லையேம்மா"ன்னேன். கொண்டு போயி ரெண்டே நாள்ல பத்தொம்பதா ஆக்கிட்டு வந்தா. அப்புறம்தான் எனக்குத் திருப்தி. முன்னால தலைப்புப் பக்கம் பாத்தேன், பொருளடக்கம் பாத்தேன். நடுவுல இருக்கிறதெல்லாம் தரவு. அதுல நாம தலையிடக் கூடாது.

கட்டுப் போட்டு, மேல தங்க எழுத்து அடிச்சு, அஞ்சு பிரதி தயாராக ஜூன் இருபத்தொம்பது ஆயிட்டு. மறுநாள் கோவில்பட்டியில என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். நான் காலையிலயே ஆவுடையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். தாய்மாமன் முறை இல்லன்னாலும், பெரிய மனுசன் போய் முன்னால நிக்கணும்லா.

பந்தியில உக்காந்து இலை போட்டாச்சு. அப்பந்தான் வடிவு வாரா, அஞ்சு பிரதியையும் ஒரு அரிசிச் சாக்குல போட்டுத் தோள்ல தூக்கிக்கிட்டு. ஒவ்வொண்ணும் முந்நூத்தி நாப்பது பக்கம். முகமெல்லாம் வேர்வை.

"ஐயா, அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல குடுக்கணும். சான்றிதழ்ப் பக்கத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"முதல்ல உக்காந்து சாப்பிடும்மா."

"சாப்பாடு வேண்டாம் ஐயா. கையெழுத்து."

"கல்யாண வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போகக் கூடாது"ன்னேன். கேக்கல. என் இலைக்குப் பின்னாலயே நின்னா. முதுகுக்குப் பின்னால ஒரு ஆளு நின்னா நமக்குச் சோறு இறங்குமா சொல்லுங்க. ஆனா நான் அவசரப்படல. சாம்பார், புளிக்குழம்பு, ரசம், ரெண்டு வகைப் பாயசம், எல்லாம் முறையாச் சாப்பிட்டுத்தான் எந்திரிச்சேன். கை கழுவிட்டு வந்து பாக்கேன், அஞ்சு நாற்காலியை வரிசையாப் போட்டு, அஞ்சு பிரதியையும் அந்தந்தப் பக்கத்தைத் திறந்து வச்சிருக்கா. கையில ஒரு நீலப் பேனா.

தம்பி, நான் இணைப் பேராசிரியர் ஆனதுல இருந்து பச்சை மையிலதான் கையெழுத்துப் போடுதேன். எல்லாருக்கும் தெரியும். "நீலத்துல போட்டாலும் ஏத்துக்கிடுவாங்க ஐயா, ஆபீசுல கேட்டுட்டுத்தான் வந்தேன்"னா. ஏத்துக்கிடுறது வேற, முறை வேற. "என் பேனா வீட்டுல மேசை மேல இருக்கு. சாவி தாரேன், போய் எடுத்துட்டு வந்துரு. நான் எங்கயும் போக மாட்டேன், இங்கதான் இருப்பேன்"னேன். மணி அப்ப ஒண்ணே முக்கால். பாளையங்கோட்டைக்குப் போயிட்டுத் திரும்ப ரெண்டரை மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்துக்கு வேற போகணும்னு வச்சுக்கிடுங்க. கொஞ்சம் இறுக்கம்தான், ஒத்துக்கிடுதேன்.

அவ அழல. சத்தம் போடல. என்னை ஒரு பார்வை பாத்தா. மனசுக்குள்ள எதையோ குறிச்சுக்கிடுறாப்பல இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து ஆவுடை வாரா, பொண்ணு வீட்டு அறையில இருந்து. கைப்பையைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்து என் கையில வச்சா. என் பேனாதான். காலையில வீடு பூட்டப் போகையில இவ என் மேசைப் பக்கம் போனது எதுக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஏன் எடுத்துட்டு வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல, அவளும் சொல்லல. பழக்க தோஷம், நான் எங்க போனாலும் எனக்கு வேண்டியதை எடுத்து வச்சிருவா.

போட்டேன், அஞ்சு கையெழுத்து. மை காயட்டும், உடனே மூடிறாதன்னு சொன்னேன். ஒவ்வொரு பக்கமா வாயால ஊதுனா. ஆவுடையும் கூட நின்னு ஊதுனா. கல்யாண வீடே வேடிக்கை பாத்துச்சு. அப்புறம் சாக்கைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. நாலே முக்காலுக்குக் குடுத்துட்டாளாம். ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புனா. கீழ நன்றின்னு ஒரு வார்த்தை இருக்கும்னு பாத்தேன். இல்ல.

வாய்மொழித் தேர்வு இந்த ஜனவரியில. புறத்தேர்வாளர் புதுச்சேரியில இருந்து வந்த ஒரு அம்மா. கண்டிப்பான ஆளுன்னு கேள்விப்பட்டு, நான் முன்னாலயே வடிவுகிட்டச் சொல்லி அல்வாவுக்கும் மிக்சருக்கும் ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டேன். நம்ம கருத்தரங்க அறை உங்களுக்குத் தெரியும், லாடம் மாதிரி வளைஞ்சு கிடக்கும், எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். நான் முன்வரிசை. எனக்கு நேர் பின்னால நம்ம ஆசீர்வாதம். தெரியும்லா, எனக்குப் பக்கத்து அறைப் பேராசிரியர். இருபது வருஷமா என் மேல பொறாமை. இதை மலர்ல போட வேண்டாம்.

அந்த அம்மா அதைக் கேட்டாங்க, இதைக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் வடிவு நல்லாத்தான் பதில் சொன்னா. கடைசியா, "இந்த ஆய்வேட்டுலயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பதினோராம் தகவலாளியோட நாட்குறிப்புதான். ஒரே ஒரு நாளை மட்டும் வாசிங்க"ன்னாங்க. என் பதினோராம் தகவலாளி. நான் நிமிந்து உக்காந்தேன்.

வாசிச்சா. இந்தா, ஆய்வேடு இங்கதான் இருக்கு, அந்தப் பக்கத்தை நானே வாசிக்கேன். 'தகவலாளி பதினொன்று. பெண். வயது இருபத்தொன்பது. ஆய்வு மாணவி. காலை ஆறரை: பேராசிரியர் வீடு. ஏழே கால்: பேராசிரியரின் பேரனுக்காக எரிமலைக்கு வண்ணம் பூசியது. ஒன்பது: மின் அலுவலக வரிசை. பதினொன்று: பேராசிரியர் திருத்த வேண்டிய விடைத்தாள்கள், நாற்பத்திரண்டு. பிற்பகல் இரண்டு: பேராசிரியரின் நூலுக்கு மெய்ப்பு. மாலை ஐந்து: கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆறு: காத்திருந்தது. ஏழு: நாளை வரச் சொன்னார். ஆய்வுக்குச் செலவிட்ட நேரம்: பேருந்தில் நாற்பது நிமிடம்.'

அவ இதை வாசிச்சு முடிச்சா தம்பி. அத்தனை தலையும் எங்க பக்கம் திரும்புது. எனக்குப் பின்னால யாரு உக்காந்திருக்கான்னு சொன்னேம்லா? ஆசீர்வாதம். எனக்கு ஒரே நிமிசத்துல புரிஞ்சு போச்சு. அவனுக்கும் பேரன் உண்டு. அவனும் புத்தகம் போடுதான். விடைத்தாளை மாணவிகிட்டத் திருத்தக் குடுக்கிற ஆளுதான் அவன், எனக்கு நல்லாத் தெரியும். நான் குடுத்தது கூட்டல் சரிபாக்க மட்டும்தான். எரிமலைதான் கொஞ்சம் இடிச்சுது. ஆனா எந்தப் பள்ளிக்கூடத்துலதான் இப்ப எரிமலை செய்யச் சொல்லல?

நான் சிரிச்சேன். வாய்விட்டே சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கல, ஆசீர்வாதம் இருக்கானேன்னு பயம். சிரிச்சதோட நிக்கல, எந்திரிச்சே பேசுனேன். "இந்த மாதிரி ஆட்களாலதான் வழிகாட்டிங்கிற பேருக்கே களங்கம். இவங்க ஓய்வு பெத்த பிறகும் ஆய்வு மாணவர்களை எடுக்க விடக் கூடாது. பழைய மாணவர்கள் சாட்சி சொன்னாத்தான் அனுமதிக்கணும்"னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழத்திட்டு என்னையே பாத்தாங்க. "இதை உங்க பரிந்துரையாவே என் அறிக்கையில சேத்துக்கிடலாமா பேராசிரியர்?"னாங்க. "தாராளமா"ன்னேன். வடிவு மேடையில நிக்கா. ஆறு வருஷத்துல அவ சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். நம்ம ஐயா நமக்காக எந்திரிச்சுப் பேசுதாரேன்னு சந்தோசம்.

இவ்வளவு செஞ்சவனைத்தான் தம்பி இப்ப திரும்பிப் பாக்க மாட்டேங்கா.

சரி, இப்ப பதிவை அமத்துங்க. விசயத்தைச் சொல்லுதேன். நான் மே மாசம் ஓய்வு பெத்தேன். மதிப்புறு வழிகாட்டியா இன்னும் அஞ்சு வருஷம் நீடிக்கணும்னு விண்ணப்பம் போட்டேன். அறை இருக்கும், பேர்ப்பலகை இருக்கும், மாணவர்கள் வருவாங்க. அது இல்லன்னா நான் என்ன செய்யுறது, இந்த நாற்காலியில உக்காந்து ஃபேனைப் பாத்துக்கிட்டா? அதுக்குப் பல்கலைக்கழகத்துல இருந்து பதில் வந்துச்சு. புதுச்சேரி அம்மா அறிக்கையை வச்சு ஒரு புது விதி போட்டிருக்காங்க. 'ஆய்வு தவிர வேறு வேலை எதுவும் எங்களிடம் வாங்கவில்லை' என்று பழைய ஆய்வாளர் மூன்று பேர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கீழ 'முன்மொழிந்தவர்: பேராசிரியர் காந்திமதிநாதன்'னு என் பேரையே போட்டிருக்கு. எல்லாம் ஆசீர்வாதம் வேலை. என் பேச்சை வச்சே என்னை மடக்குதான்.

மூணு கையெழுத்து. பதினாலு பேரை உருவாக்கினவனுக்கு மூணு கையெழுத்து ஒரு விசயமா? ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணேன். ஒருத்தன் மீட்டிங்ல இருக்கான். ஒருத்தன் கையில கட்டுப் போட்டிருக்கானாம். ஒருத்தி, "படிவத்தை அனுப்புங்க சார், படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்"ங்கா. படிக்க அதுல என்ன இருக்கு, ரெண்டு வரி. கட்டுரைக்குப் பேரைக் குடுத்தவன்லாம் கையெழுத்துக்குக் கையை எடுக்க மாட்டேங்கான். கடைசித் தேதி வார வெள்ளிக்கிழமை. அதான் வடிவைத் தேடுதேன். அவ ஒருத்தி போட்டா மத்தவங்களும் போடுவாங்க. நீங்க தூத்துக்குடிப் பக்கம் போனா அவளைப் பாத்துச் சொல்லணும். கட்டுரை கூட வேண்டாம், நான் எழுதிக்கிடுதேன். கையெழுத்து மட்டும் போதும்னு சொல்லுங்க.

இவ காரியத்தைக் கேளுங்க. என் ஆவுடை. இவ பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும்தான். வடிவோட ஆய்வேட்டை அலமாரியில இருந்து எடுத்து, அடுக்களையில வச்சுப் படிச்சிருக்கா. பதினாறு நாளு. முந்நூத்தி நாப்பது பக்கமும். அதை அச்சடிச்ச நாள்ல இருந்து முழுசாப் படிச்ச ஆளு இவளாத்தான் இருக்கும். படிச்சு முடிச்சுட்டு என்கிட்ட வந்து, "இதுல வார வீடு நம்ம வீடுங்க"ங்கா. எனக்குச் சிரிப்பு. ஆய்வுன்னா அப்படி நேரடியாப் படிக்கக் கூடாது, அதுல ஒரு முறையியல் இருக்குன்னு எடுத்துச் சொன்னேன். "எரிமலைக்குச் சிவப்புப் பெயிண்ட் வாங்கியாந்தது நாந்தான்"ங்கா. அதோட விட்டாளா. முன்னால நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து காட்டுதா. எனக்கு ஒரு வரி, 'கையெழுத்திட்ட என் வழிகாட்டிக்கு நன்றி'. சுருக்கமா, அடக்கமா எழுதியிருக்கா, நல்லாத்தான் இருக்கு. இவளுக்கு அரைப் பக்கம். ரெண்டு தோசைக்கு அரைப் பக்கம் நன்றி. ஆய்வு உலகம் எங்க போயிட்டு பாத்தியளா.

நான் வேடிக்கையாச் சொன்னேன், "அவ ஆறு வருஷத்துல முனைவர் ஆயிட்டா, நீயும் வேணா சேந்துக்கோ"ன்னு. இவ சிரிக்கல. "அவ ஆறு வருஷத்துல முடிச்சுட்டுப் போயிட்டா. எனக்கு முப்பத்தாறு வருஷம் ஆச்சு"ன்னா. என்ன முப்பத்தாறு வருஷம்? கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷம், அது எனக்கும்தான் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அதுல இருந்து ஒரு மாசமா இவளும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுதா. நான் கூப்பிட்டா வருவா, செய்வா, கடிகாரத்தைப் பாப்பா, எழுதுவா. கண்ணாடி எங்கன்னு கேட்டா எடுத்துக் குடுத்துட்டு எழுதுவா. நேத்து என் முதுகுக்குத் தைலம் தேய்ச்சு விட்டுட்டு, கையைத் துடைச்சுட்டுப் போயி எழுதுதா. வீட்டுல மனுசன் இயல்பா இருக்க முடியல. போன வாரம் வடிவு போன் பண்ணியிருக்கா. எனக்கு இல்ல, இவளுக்கு. முக்கால் மணி நேரம் பேசுனாங்க. வடிவுக்கு அடுத்த ஆய்வு அமைஞ்சிருக்காம், பேராசிரியர்மாரு வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தி. இவதான் முதல் தகவலாளியாம். நான் ஒண்ணும் தடுக்கல. "பேசும்போது என் படிவத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை போட்டு வை"ன்னேன். அதையும் நோட்டுல எழுதிக்கிட்டா.

இந்தா காபி வந்துட்டு. எடுத்துக்கிடுங்க தம்பி. சீனி போதுமா? ஏளா, என்ன வெளியூர்ச் சேலையைக் கட்டியிருக்க? இந்தப் பை எதுக்கு? தூத்துக்குடிக்கா? இன்னைக்கா? யாரைக் கேட்டு? சரி, போறதுதான் போற, எத்தனை நாளு? ஆய்வு முடியுற வரைக்குமா? என்னளா முடியுற வரைக்கும்? இப்ப வந்த காபியையும் எழுதிட்டியா? நல்லா இருக்கு. நில்லு, நில்லு. அந்த மேசையில படிவம் இருக்கு பாரு, அதையும் எடுத்துட்டுப் போயி அவகிட்ட ஒரு கையெழுத்து. அந்தப் பச்சைப் பேனாவும் எடுத்துக்கோ. ஆவுடை. ஏளா, ஆவுடை.

போயிட்டா. படிவம் மேசையிலயே கிடக்கு. நீங்க பாத்தியளா, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீங்களே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திய?

இருங்க, எங்க எந்திரிக்கிய. மணி பன்னிரண்டு ஆகப் போகுது, சாப்பிட்டுட்டுப் போகலாம். அடுக்களையில அரிசி எதுல இருக்குன்னு தேடுனாக் கிடைக்கும். உங்களுக்குச் சோறு பொங்கத் தெரியும்லா தம்பி?